ஆளை உட்காரவைத்தா, ஆல்பத்தைப் பார்த்தா? எண்ணெய் வண்ண உருவப்படம் தீட்டுமுன்

ஒரு முகத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டப் போகிறீர்கள் என்றால், டியூபைத் திறக்குமுன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். எதைப் பார்த்துத் தீட்டுவது? எதிரே நாற்காலியில் உட்காரும் ஆளையா, நீங்களே திட்டமிட்டு எடுத்த போட்டோவையா, வீட்டு ஆல்பத்தில் ஏற்கெனவே இருக்கிற பழைய படத்தையா? மூன்றும் மூன்று தனி வேலைகள். அறை, நேரம், வண்ணக் கலவை, கடைசியில் வந்து நிற்கும் பிழை எல்லாமே ஒன்றுக்கொன்று வேறு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆள் கையெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரே ஒரு சிட்டிங்காவது, அதாவது ஒரு தடவை உட்காரும் வேளையாவது, வாங்கிவிடுங்கள். மிச்சத்தை நீங்கள் எடுத்த போட்டோவை வைத்து முடிக்கலாம். ஆல்பப் படம்தான் கதி என்றால், வீட்டாருக்குப் பிடித்த படத்தை ஒதுக்கிவிட்டு, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்த படத்தைத் தேடுங்கள். இப்போதுதான் கற்கிறீர்கள் என்றால் சில மாதம் போட்டோ பக்கமே போகாதீர்கள்.

போட்டோ பார்த்துத் தீட்டுவது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ரவி வர்மாவே உருவப்படங்களுக்குப் போட்டோக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்தான். ஜெர்மனியில் லென்பாக் என்ற ஓவியர், அந்நாட்டுச் சான்சலர் பிஸ்மார்க்கின் படங்களுக்குப் போட்டோக்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அவர்கள் இருவரும் ஆளைப் பார்த்துத் தீட்டியும் கை பழகியிருந்தவர்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. போட்டோவில் என்ன விடுபட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எதிர்க் கோடியில் பிரெஞ்சு ஓவியர் செசான் இருக்கிறார். 1899-இல் வொல்லார் என்ற ஓவிய வியாபாரியை 115 தடவை உட்காரவைத்ததாக அந்த வியாபாரியே எழுதியிருக்கிறார். 2002-இல் பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்டுக்காக இன்னொரு ஓவியரான டேவிட் ஹாக்னி நூறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தார். உங்கள் சித்தப்பா அவ்வளவு நேரம் உட்கார மாட்டார். ஆகவே கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

எதிரே ஆள் இருந்தால்

உட்காரும் ஆளிடமிருந்து கிடைப்பதில் முதன்மையானது, நிழலுக்குள் இருக்கும் நிறம். ஜன்னலோரம் அமர்ந்த ஒரு மாநிற முகத்தை நிதானமாகப் பாருங்கள். நெற்றி மேட்டின் ஹைலைட், அதாவது வெளிச்சம் பட்டு மினுங்கும் இடம், வெள்ளையாக இருக்காது. வானத்தின் நீலச் சாம்பல் அதில் இருக்கும். வெளிச்சம் நிழலுக்குத் திரும்பும் கன்னப் பகுதியில் செம்மண் நிறம் தூக்கலாகத் தெரியும். தாடைக்கு அடியில், சட்டையிலிருந்தோ புடவையிலிருந்தோ எதிரொளித்த வெளிச்சம் மங்கலாக ஏறியிருக்கும். அரக்குப் பட்டு என்றால் அந்த அரக்கே அங்கே இருக்கும். கேமரா இவற்றில் முதலாவதை வெள்ளையாக எரித்துவிடும், கடைசியைக் கறுப்பாக மூடிவிடும். நடுவில் உள்ளது மட்டும்தான் ஓரளவுக்குத் தப்பும். கறுத்த தோலில் இந்த இழப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே ஹைலைட்டுக்கும் மற்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

இதைப் பிடிக்க அதிக டியூப் வேண்டாம். டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், லைட் ரெட், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் புளூ, அலிசரின் கிரிம்சன் என ஏழே போதும். மாநிறத்துக்கு அடிக்கலவை பர்ன்ட் சியன்னாவும் யெல்லோ ஓக்கரும் சம அளவு. அதன் சூட்டைத் தணிக்கக் கத்தி நுனியளவு அல்ட்ராமரின். இதை வெளுக்க வேண்டுமென்றால் முதலில் ஓக்கரைக் கூட்டுங்கள், ஒயிட் கடைசியில் வரட்டும். எடுத்ததும் ஒயிட்டைக் கலந்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். நம் தோல் நிறத்தைத் தீட்டும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான். நிழலுக்கு பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின், ஒரு துளி அலிசரின். ஐவரி பிளாக்கை அடி அடுக்கில் வைக்காதீர்கள். அது மெதுவாகக் காயும் வண்ணம். சீக்கிரம் காயும் வண்ணம் மேலே வந்தால் வெடிப்பு விடும். அம்பர் வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும், அடி அடுக்குக்கு அவைதான் தோது.

இனி இதற்கான செலவு. முதல் செலவு அறை. தலையைக் கிட்டத்தட்ட உண்மை அளவில் தீட்ட, 20×24 அங்குல கேன்வாஸை ஆளின் பக்கத்திலேயே நிறுத்தி, இரண்டரை மீட்டராவது பின்னால் வந்து இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிட வேண்டும். பத்துக்குப் பத்து படுக்கையறையில், ஆளும் கேன்வாஸைத் தாங்கும் ஈசல் சட்டமும் போக, அந்த இடம் கிடைக்காது. ஹாலுக்கு மாறுங்கள், முடியாவிட்டால் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பி அதில் பார்த்தால் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இடம் வலம் மாறித் தெரிவதால் கண் கோணல், வாய்க் கோணல் உடனே காட்டிக்கொடுக்கும். தலையை உண்மை அளவைவிடச் சற்றுச் சிறிதாகவே வையுங்கள். முகவாயிலிருந்து உச்சிவரை 22 செ.மீ. இருக்கும் தலைக்கு கேன்வாஸில் 19 போதும். அதே அளவில் தீட்டினால் சுவரில் மாட்டியதும் பூதாகரமாகத் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். ஓவியப் பாடங்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் என்று சொல்லும். அந்தப் பேச்சு ஐரோப்பாவுக்குச் சரி. நம் ஊரில் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை சூரியன் கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளித்தான் உதிக்கும், மேற்கிலும் அப்படியே. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியனே தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியாகக் காலையிலும் மாலையிலும் நேர் வெயில் உள்ளே வரும், நிழல் நகர்ந்துகொண்டே போகும். ஜன்னலில் வெள்ளை மல் துணியோ டிரேசிங் பேப்பரோ இழுத்துக் கட்டுங்கள். அல்லது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற அளவு) 95-க்கு மேல் உள்ள 5000 கெல்வின் எல்இடி பேனல் ஒன்றை, முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் நிறுத்துங்கள். சாதாரண டியூப் லைட்டில் தோலின் சிவப்பு செத்துவிடும்.

மின்விசிறி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. விளக்கு சீலிங் ஃபேனுக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருந்தால் இறக்கைகளின் நிழல் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்; பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தலை வலிக்கும். ஃபேனை அணைத்தாலோ ஆளுக்கு வியர்க்கும், நெற்றியிலும் மூக்கிலும் இல்லாத ஹைலைட் முளைக்கும். ஆளுக்குப் பின்னால் தரையில், முடி பறக்காத கோணத்தில் டேபிள் ஃபேனை வைப்பதுதான் வழி. ஃபேன் ஓடினாலும் கதவு திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் மூடிய அறையில் டர்பன்டைன் வாடையை உட்காருபவர் தாங்க மாட்டார். வாடையில்லாத மினரல் ஸ்பிரிட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.

தோள்வரை ஒரு படத்துக்கு நான்கிலிருந்து ஆறு சிட்டிங், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிட ஓய்வு. எழுந்து போகுமுன் நாற்காலியின் நான்கு கால்களையும், அவர் பாதங்களையும், நீங்கள் நிற்கும் இடத்தையும் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்துவிடுங்கள். அவர் பார்வை எங்கே பதிய வேண்டும் என்று எதிர்ச் சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். டிவியை மட்டும் அந்த இடத்தில் வைக்காதீர்கள். கண் அசைவதோடு சிரிப்பும் கவலையும் மாறி மாறி வரும்.

உட்கார்ந்த முதல் நிமிடத்தில் எல்லோரும் நிமிர்ந்துதான் இருப்பார்கள். பத்தாவது நிமிடத்தில் தோள் இறங்கும், முகவாய் ஒரு விரல் கடை தாழும், கழுத்து முன்னால் வரும். நிமிர்ந்த நிலையை வரைந்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் தளர்ந்த உடம்பைப் பார்த்துத் தீட்டினால் தலை ஓர் உடம்பிலும் தோள் வேறோர் உடம்பிலும் இருக்கும். ஆகவே முதல் பத்து நிமிடம் பேலட்டைத் தயார் செய்யுங்கள், பேச்சுக் கொடுங்கள். தளர்ந்த பிறகு எது நிலைக்கிறதோ அதை வரையுங்கள். பேச்சை நிறுத்தவும் வேண்டாம். வாயைத் தீட்டும்போது மட்டும் மௌனம் கேளுங்கள்.

முதல் சிட்டிங்கில் அம்பரைத் தண்ணீர் போல் கரைத்து கேன்வாஸுக்கு நடுத்தர நிறம் ஏற்றித் துடைத்து, அதன்மேல் வெளிச்சம் ஒன்று, நிழல் ஒன்று என்று இரண்டே டோனில் தலையை நிறுத்துங்கள். முதல் முக்கால் மணி நேரம் கண், மூக்கு, உதடு எதையும் தொடக் கூடாது. இரண்டாவதில் வண்ணத் திட்டுகள். மூன்றாவது, நான்காவதில்தான் அங்கங்களும் விளிம்புகளும். சிட்டிங்குகளுக்கு நடுவில் மூன்று நாள் விடுங்கள். திரும்ப வரும்போது நிழல் பகுதிகள் எண்ணெய் இறங்கி மங்கலாகத் தெரியும். அதன்மேல் புது நிறம் பொருத்தவே முடியாது. மேல்பரப்பு நன்றாகக் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் லின்சீட் ஆயிலை மெல்லிசாகத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் பழைய ஆழம் திரும்பி வரும். எண்ணெய் குறைவான அடுக்கு கீழே, அதிகமானது மேலே என்ற வரிசை மட்டும் மாறக் கூடாது.

புடவை வேறு தொல்லை. ஒவ்வொரு தடவை கட்டும்போதும் மடிப்பு வேறு. காட்டன் புடவை என்றால் ஒரே சிட்டிங்கில் மடிப்புகளை முடித்துவிட வேண்டும். காஞ்சிபுரம் பட்டென்றால் ஒரே நாளில் முடியாது; அதைப் போட்டோ எடுத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. ஜரிகையில் இழை இழையாகத் தங்கக் கோடு இழுக்காதீர்கள். ஓக்கர், அம்பர், இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வெளிச்சப் பொட்டு. ஜரிகை தானாகத் தெரியும்.

நீங்களே எடுக்கும் போட்டோ

குழந்தைக்கும், அடிக்கடி வர முடியாதவருக்கும் இதுதான் வழி. ஆறு வயதுக்குக் கீழ் யாரும் இருபது நிமிடம் உட்கார மாட்டார்கள்.

இங்கே முக்கியம் தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே ஏறக்குறைய 12 செ.மீ. இருக்கிறது. போனை 40 செ.மீ. தள்ளி வைத்து எடுத்தால், காதின் அளவோடு ஒப்பிடும்போது மூக்கு 1.3 மடங்கு பெரிதாக விழும், காது ஒளிந்துகொள்ளும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 1.06 மடங்குதான், கண்ணுக்கே தெரியாது. செல்ஃபி பார்த்துத் தீட்டிய முகங்கள் எல்லாம் முட்டைக்கண்ணும் பெரிய மூக்குமாக இருப்பதற்கு இதுதான் காரணம். தூரம்தான் உருவத்தை மாற்றுகிறது, லென்ஸ் சட்டத்தை நெருக்க மட்டும் செய்கிறது. எனவே இரண்டு மீட்டர் தள்ளி நின்று போனின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். கேமரா என்றால் 85 மி.மீ. லென்ஸ். கேமராவின் உயரம், பிற்பாடு படம் மாட்டப்படும்போது பார்ப்பவரின் கண் உயரமாக இருக்கட்டும்.

பியூட்டி மோடை அணையுங்கள். அது தழும்பையும் பருவையும் மட்டும் நீக்குவதில்லை. கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது என்று காட்டும் டோன் மாற்றத்தையும் சேர்த்து வழித்துவிடும். ஃப்ளாஷும் வேண்டாம். ஒரே ஜன்னல் வெளிச்சம், அறை விளக்குகள் எல்லாம் அணைந்த நிலை. ஒரே நிலையில் மூன்று படம் எடுங்கள்: சாதாரணமாக ஒன்று, நிழல் தெரிய வெளிச்சம் கூட்டி ஒன்று, ஹைலைட் தெரிய குறைத்து ஒன்று. கை, காது, காலர் எல்லாவற்றுக்கும் தனித்தனி நெருக்கப் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்தபின் எது இல்லையோ அதுதான் வேண்டியிருக்கும்.

தீட்டும்போது திரையைப் பார்ப்பதா, பிரிண்ட்டைப் பார்ப்பதா என்பது அடிக்கடி வரும் கேள்வி. எங்கள் ஓட்டு பளபளப்பில்லாத மேட் பிரிண்ட்டுக்கு. திரை ஒளியை உமிழ்கிறது. எந்த ஒயிட்டாலும் அந்த வெளிச்சத்தை எட்ட முடியாது. அதைத் துரத்திக்கொண்டு முகம் முழுக்க ஒயிட்டைக் கூட்டிவிடுவீர்கள். நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் டேப்லெட் பக்கத்தில் இருக்கட்டும்.

போட்டோவில் எல்லா விளிம்பும் ஒரே கூர்மை. நேரில், கண்ணைப் பார்க்கும்போது காதின் விளிம்பு கரைந்திருக்கும், பின்னலின் ஒரு பக்கம் பின்னணியோடு கலந்திருக்கும். அந்தக் கரைதலை நீங்களாகக் கொண்டுவர வேண்டும். எது கரையும் என்பது ஆளைப் பார்த்துத் தீட்டியவருக்குத்தான் தெரியும். கற்பவர்கள் போட்டோவில் தொடங்கக் கூடாது என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஆல்பத்தில் இருக்கும் பழைய படம்

தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் உருவப்பட வேலைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். தாத்தா இல்லை, பாட்டி இல்லை. இருப்பதெல்லாம் கல்யாண குரூப் போட்டோவும் வாக்காளர் அட்டையும்.

முதலில் ஸ்கேலை எடுத்துப் பிரிண்ட்டில் முகத்தை அளந்து பாருங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்தில் தலை ஏறக்குறைய 30 மி.மீ. இருக்கும். 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் 18 செ.மீ. தலைக்குத் தாராளமாகப் போதும். ஆறு மடங்குதான் பெருக்குகிறீர்கள். குரூப் போட்டோவில் முகம் 8 மி.மீ. என்றால் 20 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். அங்கே கிடைப்பது முகமாக இருக்காது, காகிதத்தின் மணிமணியான புள்ளிகள். 2400-க்கு ஏற்றினாலும் புள்ளிதான் பெரிதாகும். முகம் 10 மி.மீ.-க்குக் கீழ் என்றால் கேன்வாஸைச் சிறிதாக்குங்கள். 8×10 அங்குலத்தில் 9 செ.மீ. தலை கண்ணியமாக நிற்கும். செயற்கை நுண்ணறிவு ஆப்பில் கொடுத்துக் கூர்மையாக்கினால் கிடைக்கும் கண்ணிமையும் பல்வரிசையும் வேறு யாருடையவோ. மகள் பார்த்ததும் 'இது அப்பா இல்லை' என்று சொல்வார், காரணம் அவருக்கும் சொல்லத் தெரியாது.

சட்டத்துக்குள் பல வருஷம் இருந்த படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். உரிக்காதீர்கள், முகத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். பின்னட்டையை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 80-களின் சொரசொரப்பான சில்க் தாளில் அச்சான படங்களை ஸ்கேன் செய்தால் தேன்கூடு மாதிரி கோலம் விழும். ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாதிப் பாதியாகக் கலந்தால் பெரும்பாலும் மறையும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வேறொரு பொறி இருக்கிறது. பழைய ஸ்டுடியோக்களில் ஓடிய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளும் ஃபிலிமும் நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. அதனால் குங்குமப் பொட்டு மைப்பொட்டைப் போலக் கறுப்பாக விழும். அரக்குப் புடவை கறுப்புப் புடவையாகும், வெளிர்நீலச் சட்டை வெள்ளையாகும், மாநிறத் தோல் ஒரு படி கறுத்துத் தெரியும், உதடு மை பூசியது போல் இருக்கும். அந்தச் சாம்பலை நம்பி நிறம் கொடுத்தால் சிவப்பாக இருந்த ஆளைக் கறுப்பாக்கிவிடுவீர்கள். பொட்டு எது, புடவை எது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புடவையே பீரோவில் இருந்தாலும் இருக்கும். கல்யாணப் பட்டை யாரும் எறிவதில்லை.

ஸ்டுடியோக்காரர் நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கங்களை மறைத்துக் கண்ணைத் திருத்தியிருப்பார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஐம்பது வயது ஆளின் கண்ணுக்குக் கீழ் மழமழவென்று இருந்தால் அது தோல் இல்லை, ரீடச்சிங். ஆல்பத்தில் வேறு சாதாரணப் படம் இருந்தால் அதிலிருந்து கண்ணடியை எடுத்துக்கொள்ளலாம்.

70, 80-களின் கலர்ப் படங்களுக்கு வேறு நோய். ஆல்பத்துக்குள் இருட்டிலேயே கிடந்தாலும் அவற்றின் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் போய்விடும். படம் முழுக்கச் செம்மஞ்சளாக மாறும். வெள்ளை வேட்டி எந்த நிறத்தில் தெரிகிறது என்று பார்த்து, அது சாம்பல் வெள்ளை ஆகும்வரை கணினியில் நிறத்தைத் திருத்திவிட்டு, அதன்பின் முகத்தைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தோல் நிறம் ஊகம்தான். அதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு: உடன்பிறந்தவரையோ பிள்ளையையோ அதே கோணத்தில், பழைய படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ அதே பக்கத்தில் விளக்கு வைத்து, ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். சின்ன பலகையில் நிறங்களை மட்டும் திட்டுத் திட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். காதும் கழுத்தும் பல குடும்பங்களில் அப்படியே இறங்கியிருக்கும், அவற்றையும் எடுக்கலாம். கண், வாய் பக்கம் மட்டும் போகாதீர்கள். மகனுடைய வாய் அப்பா முகத்தில் ஏறிவிட்டால் கீழே இறங்காது.

அப்படி உட்கார யாரும் இல்லை, படமும் கறுப்பு வெள்ளை, நிறம் சொல்லவும் ஆள் இல்லை என்றால் நிறமே வேண்டாம். பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின், ஒயிட் மூன்றையும் வைத்து ஒற்றை நிறச் சாம்பல் பழுப்பிலேயே தீட்டி முடியுங்கள். ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1965-இல் தன் மாமா ரூடியையும் சித்தி மரியானேயையும் குடும்ப ஆல்பத்துப் படங்களிலிருந்து தீட்டியபோது சாம்பல் நிறத்தை அப்படியே வைத்து, ஈர வண்ணத்தை இழுத்து மங்கலாக்கினார். போட்டோவுக்குத் தெரியாத எதையும் அந்த ஓவியங்கள் சொல்லவில்லை. ஊகித்த ரோஜா நிறக் கன்னத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பல் தெரியச் சிரிக்கும் படத்தைத் தவிர்க்கப் பாருங்கள். நொடியில் எடுத்த சிரிப்பு போட்டோவில் இயல்பாக இருக்கும். கேன்வாஸில் வருஷக்கணக்கில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் யாரும் எதிரே உட்கார மாட்டார்கள். வேறு படமே இல்லையென்றால் பற்களை ஒரே திட்டாக, ஓக்கர் கலந்த சாம்பலில் தீட்டுங்கள். பல்லுக்குப் பல் கோடு போடாதீர்கள். ஃப்ளாஷ் படம் என்றால் கருவிழியின் நடுவில் ஊசிமுனைப் புள்ளி இருக்கும். அதை வெளிச்சம் வரும் பக்கத்துக்கு, மேல்மூலைக்கு நகர்த்துங்கள்.

அப்பாவையும் அம்மாவையும் ஒரே படத்தில் சேர்க்கச் சொன்னால்

அடிக்கடி வரும் கோரிக்கை. அப்பா படம் 1974-இல் ஸ்டுடியோவில் எடுத்தது, அம்மா படம் 2005-இல் மாடியில் எடுத்தது. வெளிச்சம் எதிரெதிர்ப் பக்கம். உடனே தோன்றும் யோசனை ஒன்றை இடம் வலமாகத் திருப்பிப் போடுவது. திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போகும், சட்டைப்பை வலப்பக்கம் வரும், மூக்குத்தி இடம் மாறும், வகிடும் மச்சமும் மாறும். வீட்டார் முதல் பார்வையிலேயே ஏதோ சரியில்லை என்பார்கள். திருப்பாமல், வெளிச்சம் தெளிவாக உள்ள படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதன் நிழலை மாற்றி எழுதுங்கள். அதற்கு யாரையாவது அந்தக் கோணத்தில் உட்காரவைத்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். இரண்டிலும் கண் மட்டத்துக்கு மேலிருந்து எடுத்ததா, கீழிருந்து எடுத்ததா என்றும் பாருங்கள். அது ஒத்துவராத இரண்டு படங்களைச் சேர்க்க முடியாது. தனித்தனிக் கேன்வாஸில் ஒரே அளவில் தீட்டி அருகருகே மாட்டச் சொல்வது நேர்மையானது.

யாருக்கு எது

கற்பவருக்கு: நேரில் பார்த்து, பத்துப் பதினைந்து தலையாவது. குழந்தைக்கு: நீங்கள் எடுத்த போட்டோவும், விளையாடும்போது அரைமணி நேர நிறக் குறிப்பும். வயதானவருக்கு: கைப்பிடி வைத்த நாற்காலி, காலை வேளை, பதினைந்து நிமிடத்துக்கு ஓர் ஓய்வு. இரண்டு சிட்டிங்குக்கு மேல் கேட்காதீர்கள். மிச்சத்துக்குப் போட்டோ இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கு: இரண்டு மீட்டர் தூரம், ஒற்றை ஜன்னல், விளக்கு அணைப்பு என்ற மூன்றையும் எழுதி அனுப்பி அவர் வீட்டாரையே எடுக்கச் சொல்லுங்கள், வரும் முதல் படம் செல்ஃபியாகத்தான் இருக்கும், திருப்பி அனுப்புங்கள். மறைந்தவருக்கு ஆல்பத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் எந்த வயதில் வேண்டும் என்பதைத் தொடங்குமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மனைவி நினைவில் இருப்பவர் முப்பது வயதுக்காரர், பேரன் நினைவில் இருப்பவர் எழுபது. இரண்டு டோன் நிலையிலேயே வீட்டாருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கினால் முடித்த பிறகு சண்டை இல்லை.

முதலாண்டு நினைவு நாளுக்கென்று கேட்டால் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கடைசி அடுக்கு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே இரண்டு மூன்று வாரம் ஆகும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் கூடும். இறுதி வார்னிஷ் ஆறு மாதமாவது கழித்துத்தான். அதுவரை ரீடச்சிங் வார்னிஷ் என்ற தற்காலிகப் பூச்சு மெல்லிசாக ஒரு கை. மழைக்காலத்தில் ஈரச் சுவரோடு ஒட்டி மாட்டினால் கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் நான்கு மூலையிலும் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

படத்தைக் கையில் கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டுப் போட்டோவுக்கு மேலே கண்ணாடி இருக்கிறது, சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில்தான் படும். எண்ணெய் வண்ணப் படத்துக்குக் கண்ணாடி கிடையாது; நெற்றியில் வைக்கும் குங்குமம் நேராக வண்ணத்தில் ஏறும், ஈர மாலை வார்னிஷை வெளுக்கவைக்கும், விளக்குப் புகை படியும். பூஜையறைக்கு என்றால் பழைய போட்டோவே இருக்கட்டும், ஓவியத்தை ஹாலில் மாட்டட்டும். ஓவியத்துக்குத்தான் மாலை போடுவோம் என்று பிடிவாதம் பிடித்தால், சட்டத்தின் மேல்விளிம்பில் முன்னால் நீட்டிய இரண்டு கொக்கிகளை அடித்துக்கொடுங்கள். மாலை கேன்வாஸைத் தொடாமல் இரண்டங்குலம் விலகித் தொங்கும்.